அளவக்காவின் இடுப்பு

அந்த ஆயத்த ஆடைக் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பேர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் அளவக்கா. புதிதாக எந்த உடுப்பு தைத்தாலும் முதலில் அவள் மேல்தான் ஏறும். மாஸ்டர் வாயில் குண்டூசியைக் கடித்தபடி அவளைச் சுற்றிச் சுற்றி வருவார். அவள் கையைத் தூக்குவாள், குனிவாள், உட்கார்ந்து எழுவாள். அக்குளில் பிடிக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயிரக்கணக்கான உடுப்புகளுக்கு அக்குள் மாறும். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. இருக்காதா பின்னே?

நாற்பதை நெருங்கியபோது இடுப்பு ஒன்றரை இன்ச் ஏறியது. அரை வயிறு சாப்பிட்டாள், விடியுமுன் எழுந்து நடந்தாள். கன்னம்தான் ஒட்டிப்போனது, இடுப்பு அசைவேனா என்றது. வாங்குகிற கம்பெனிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று மாஸ்டர் மென்று விழுங்கிச் சொன்னார். இந்த இடம் போனால் அடுத்தது கீழ்த்தளத்தில் நூல் பிசிறு வெட்டுகிற வேலைதான்.

அப்படித்தான் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷனுக்குப் போனாள். கிளினிக்கின் வரவேற்பில் இருந்த பெண் தேனாகப் பேசினாள். ஒரே வாரத்தில் வேலைக்குப் போய்விடலாமாம், கொசு கடித்த மாதிரிதான் இருக்குமாம். டாக்டரை அவள் பார்த்ததே மேஜையில் படுத்த பிறகுதான், அதுவும் முகமூடிக்கு மேலே பாதி முகம். வீக்கம் எத்தனை நாள் இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருமா, கோணலாகிப்போனால் யார் பொறுப்பு, எதையாவது கேட்டாளா? இல்லை. ஒரு தையல் விலகினாலும் மாஸ்டரைப் போட்டுக் குடைகிறவள், சொந்த உடம்பைக் கொடுக்கும்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேள்வி கேட்டால் முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

ஒரு வாரம் கழித்து, உடம்பெல்லாம் கன்றி நீலம் பாரித்து, மூச்சைப் பிடிக்கும் இறுக்கமான உள்ளுடுப்போடு வேலைக்கு வந்தாள். மாஸ்டர் டேப்பைச் சுற்றினார். இடுப்பு முன்னைவிடப் பெருத்திருந்தது. வீக்கம்தான், வடிந்துவிடும் என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேக்கிங்கில் இருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் கணவனோ, உன்னை யார் போகச் சொன்னது என்று ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான்.

வீக்கம் வடிய மாதக்கணக்கானது, அதுவரை வீட்டில்தான் கிடந்தாள். வடிந்ததும் மாஸ்டர் முன்னால் போய் நின்றாள். இடுப்பு ஏறுவதற்கு முன்னால் இருந்த அளவையே டேப் காட்டியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாஸ்டர் ஒரு உடுப்பைக் கொடுத்துப் போட்டுவரச் சொன்னார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், இடப்பக்கம் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். அங்கே ஒரு பள்ளம். வலப்பக்கம் அது இல்லை. துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

"டேப்புக்கு சரியாத்தாம்மா இருக்கு. துணிதான் உக்கார மாட்டேங்குது" என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளிலிருந்து அவள் கீழ்த்தளத்தில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள்.

இப்போது சின்னவளுக்கும் இடுப்பு ஏற ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, எந்த கிளினிக், ரொம்ப வலிக்குமா என்று மெதுவாகக் கேட்டாள். விலாசத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள், இவளும் அனுபவிக்கட்டும் என்று அளவக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதுமே தன் மேலேயே அருவருப்பு வந்தது. தேன் பேச்சிலிருந்து வீக்கம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். முதலில் டாக்டரைப் பார், எல்லாவற்றையும் கேள், பதில் பிடிக்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடு என்றாள். அப்படியும் மனசு கேட்கவில்லை. கழிப்பறைக்குக் கூட்டிப்போய், சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினாள். இதுவரை கணவனுக்குக்கூட அவள் அதை வெளிச்சத்தில் காட்டியதில்லை.

சின்னவள் குனிந்து பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தாள். விரலை எடுக்காமலே நிமிர்ந்து கேட்டாள்:

"நான் இப்படியே குண்டாயிட்டா, அந்த எடத்துக்கு நீங்க திரும்பி வந்துடலாம்னு பாக்கறீங்களாக்கா?"