இளமாறனுக்கு நான் அடித்த பேனர்

1. சேவ் ஆஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சர்வதேச ஒருநாள் போட்டி, இருபது ஓவர் போட்டி இரண்டிலிருந்தும் ஓய்வு என்று கிரிக்கெட் வீரர் இளமாறன் வீடியோ போட்டார். பதினொன்றேகாலுக்கு டில்லி எங்கள் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, சாவியைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடி வந்தான்.

கடை குமணன்சாவடியில் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. இருபது வருஷமாக நான்தான் அங்கே டிசைனர். டில்லி ஆட்டோ ஓட்டுகிறவன், இளமாறன் ரசிகர் மன்றத்தின் தலைவன்.

“அக்கா, மாறன் ரிட்டயர்டு ஆய்ட்டாருக்கா! டெஸ்ட்டு மட்டும் ஆடுவாராம். நாலு மணிக்கு பாரிவாக்கம் கிரவுண்டுல எங்க டோர்னமெண்ட் ஃபைனல்ஸு. அதுக்குள்ள பத்துக்கு எட்டுல ஒரு பேனர் வோணும். எனுக்கு அழுவுறதா சிரிக்கிறதான்னே தெர்லக்கா!”

இரண்டையும் செய்துகொண்டுதான் சொன்னான்.

என் கவலை வேறு. போன மாதம் ஒரு கல்யாண பேனரில், மாப்பிள்ளை பெயருக்கு மேலே, பழைய காதுகுத்து பேனரில் இருந்த குழந்தையின் போட்டோவை மாற்றாமல் விட்டுவிட்டேன். ஓனர் ரஃபீக் பாய் சத்தம் போடவில்லை. “இன்னொரு தப்பு வந்துச்சுன்னா நீங்க கட்டிங் டேபிளுக்குப் போயிடுங்கக்கா. சிஸ்டத்துல வேற ஆள உட்கார வைக்கிறேன்” என்று மெதுவாகச் சொன்னார். கட்டிங் டேபிள் என்றால் நாள் முழுக்க ஓரம் வெட்டுவது, ஒட்டுவது, கயிறு கட்ட வளையம் அடிப்பது. எனக்கு அந்த சிஸ்டம்தான் எல்லாம்.

எங்கள் தொழிலில் யாரும் வெற்றுப் பக்கத்தில் ஆரம்பிப்பதில்லை. பழைய ஃபைலைத் திறந்து, சேவ் ஆஸ் கொடுத்து, போட்டோவையும் பெயரையும் மாற்றுவோம். நடுவில் பெரிய முகம், பின்னால் ஒளிவட்டம், கீழே வரிசையாக மன்றத்து ஆட்களின் சின்ன முகங்களும் பெயர்களும் வேண்டும் என்றான் டில்லி. அச்சு அசலாக ஒரு ஃபைல் இருந்தது. கண்ணீர் அஞ்சலி ஃபைல். மாலையை எடுத்தேன். குத்துவிளக்கை எடுத்துவிட்டு அங்கே கிரிக்கெட் பேட் ஒன்றை வைத்தேன். தேதி இரண்டையும் மாற்றினேன்: அவர் முதல் மேட்ச் ஆடிய நாள், இன்றைய நாள். அம்சமாக வந்துவிட்டது.

அதற்குள் மன்றத்து ஆட்களும் வந்து சேர்ந்து, பிரிண்டுக்கு முன் தப்பு இருக்கிறதா என்று திரையில் ப்ரூஃப் பார்த்தார்கள்.

“என் கன்னம் ஏங்கா இம்மாங் கறுப்பா கீது?”

“என்னிய ஏன் கடேசில போட்ட?”

பதினேழு பேரும் அவரவர் முகத்தைப் பார்த்து ஓகே சொன்னார்கள். பிரிண்ட் கொடுத்தேன்.

2. ஏணி

மூன்றரைக்கு டில்லியிடமிருந்து போன்.

“இன்னாக்கா பண்ணி வச்சிகீற? ஒரு அம்மா பேனர் முன்னால ஊதுவத்தி கொளுத்திட்டுப் போவுது! டீக்கடைக்காரு பாதி ஷட்டர இறக்கிட்டாரு! எப்படி செத்தாருன்னு என்னியே கேக்குறாங்கக்கா!”

ஃபைலைத் திறந்து பார்த்தேன். தேதியை மாற்றிய மகராசி, அதற்கு மேலிருந்த சொற்களை மாற்றவில்லை. தோற்றம். மறைவு. கொட்டை எழுத்தில்.

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கட்டிங் டேபிள் என்னைப் பார்த்துச் சிரித்தது. அவசரமாக வினைலில் இரண்டு ஸ்டிக்கர் வெட்டினேன். ‘மறைவு’ மேல் ஒட்டுவதற்கு ‘ஓய்வு’. அதன் கீழிருந்த தேதி மேல் ஒட்டுவதற்கு ‘ஒன்டே, டி20 மட்டும்’. டில்லி ஆட்டோவில் வந்து என்னை அள்ளிக்கொண்டு போனான்.

மைதானத்தில் டாஸ் போடாமல் மொத்தக் கூட்டமும் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தது. டில்லி ஏணியில் ஏறினான். பெரிய ஸ்டிக்கர் தேதி மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. சின்னதை உரித்தபோது காற்று அடித்தது. அது சுருண்டு, தன்மேலேயே ஒட்டிக்கொண்டு, உருண்டையாகிவிட்டது. வினைல் அப்படி ஒட்டினால் அவ்வளவுதான்.

இப்போது பேனரில் இப்படி இருந்தது: மறைவு - ஒன்டே, டி20 மட்டும்.

டில்லி திரும்பி, படித்து, ஏணியிலிருந்தபடியே இரண்டு கையையும் தூக்கினான்.

“ஆமாண்டா! டெஸ்ட்ல உயிரோட கீறாரு!”

மைதானம் வெடித்தது. எதிர் டீம்காரர்கள் தரையில் விழுந்து சிரித்தார்கள். மேளம் பிய்ந்தது. “டெஸ்ட்ல! உயிரோட! கீறாரு!” என்று டீக்கடைக்காரர்கூடக் கத்திக்கொண்டே ஷட்டரைத் தூக்கினார். ஐம்பத்திரண்டு வயதில் நானும் விரலை வாயில் வைத்து விசிலடித்தேன். காற்றுதான் வந்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பேனர் முன்னாலும் நின்றதில்லை.

3. திங்கட்கிழமை

மைதானத்தில் யாரோ எடுத்த வீடியோ ரஃபீக் பாய்க்கும் வந்துவிட்டது. “பார்த்தேங்கா. வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஆனா சொன்னது சொன்னதுதான்” என்று கட்டிங் டேபிளைக் காட்டினார். நியாயம்தான். போய்க் கத்தரியை எடுத்தேன்.

மதியம் டில்லி வந்தான். “பாய், எங்க மன்றத்துக்கே அதே டிசைன்ல இன்னொண்ணு, திருமுல்லைவாயில்ல கட்றதுக்கு. அந்த ‘மறைவு’ அப்படியே இருக்கணும். அக்காதான் பண்ணணும்.”

பாய் தாடியைத் தடவினார். “சரி, உட்காருங்கக்கா. ஆனா ப்ரூஃப் காட்டுறப்ப இவங்க மூஞ்சியெல்லாம் எடுத்துட்டுக் காட்டுங்க. மூஞ்சி இருந்தா எழுத்த யாரும் படிக்கிறதில்ல.”

பதினேழு முகங்களையும் மறைத்தேன். திரையில் எழுத்து மட்டும் மிச்சம். பார்க்க வேறெதுவும் இல்லாததால் டில்லி படிக்க ஆரம்பித்தான்.

“அக்கா, என் பேரு ரெண்டு தபா கீது. பொருளாளர் பேரையே காணோம்!” அப்புறம் கொஞ்சம் யோசித்து, “நேத்தும் இப்டித்தான் இருந்துச்சா?”

பாய் என்னைப் பார்த்தார். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

டிசைனிங்குக்குப் புதிதாக வருகிறவர்களே, ஓகே வாங்குவதற்கு முன் முகங்களை எடுத்துவிடுங்கள். இன்றும் நான் சிஸ்டத்தில் உட்கார்ந்திருப்பது அதனால்தான்.