காந்தமில்லாத மோட்டாரும் எக்ஸ்ரே அக்காவும்

மின்சார ஸ்கூட்டர் செய்கிற அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜர் முதல் பெருக்க வருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. வெளியிலிருந்து வரும் மோட்டார்களைச் சோதித்து உள்ளே விடுகிற அறை அவளுடையது. அங்கே ராணியும் அவள்தான், வாசல் காவலும் அவள்தான்.

சோதனை என்றால் பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் கிடையாது. மோட்டாரை மேசையில் வைப்பாள். கரண்ட் கொடுக்க மாட்டாள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புவாள். உள்ளே இருக்கும் காந்தம் தண்டை விட்டுவிட்டுப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பு விரலுக்குத் தெரியும். பலமாக இழுத்தால் நல்ல மோட்டார், அடுத்த அறைக்குப் போய் மெஷினில் ஓடலாம். வழுக்கிக்கொண்டு சுற்றினால் காந்தம் செத்துவிட்டது என்று அர்த்தம். அதையே சிவப்பு அட்டையில் எழுதிக் கட்டி வந்த வழியே அனுப்பிவிடுவாள். ஆரம்பத்தில் சந்தேகப்பட்டவர்கள் மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். மெஷினும் அவள் சொன்னதையே சொன்னது. அப்புறம் யாரும் சந்தேகப்படவில்லை. அவளும் தன்னைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டாள். வினை அங்கேதான் பிடித்தது.

இன்னொரு விஷயத்திலும் அவள் கறார். ஒருமுறை யாரோ தன் மச்சானின் சொத்தை மோட்டார்களை நைசாக உள்ளே தள்ளிவிட்டான். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் கட்டடமே ஆடியது. அதற்குப் பிறகு, எந்த சாம்பிள் வந்தாலும் அனுப்பியவர் பெயரை மறைத்து, வெறும் எண்ணை ஒட்டித்தான் அவள் மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடானது. ஏற்பாடு அவளுடையது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

அவளுக்கு ஒரு தம்பி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, எரிந்துபோன பம்பு மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவன் பிழைப்பு. கெட்டிக்காரன். ஆனால் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொண்டால் இறக்க மாட்டான். அப்படி ஏற்றிக்கொண்டதுதான் காந்தமில்லாத மோட்டார். ஸ்கூட்டர் மோட்டாருக்கான, அருமண் என்கிற அபூர்வத் தாதுவில் செய்த காந்தம் ஏறக்குறைய முழுவதும் ஒரே நாட்டிலிருந்துதான் கப்பலேறி வந்தது. அந்த நாடு கையை மூடிக்கொண்டால் என்ன செய்வார்கள் என்பது அவன் கேள்வி. இரும்பும் செம்புக் கம்பியும் போதும், கரண்ட் பாயும்போது மட்டும் இரும்பு காந்தமாகட்டும், நிறுத்தினால் வெறும் இரும்பாகவே கிடக்கட்டும் என்பது அவன் பதில்.

ஒருநாள் அக்கா வீட்டில் சாப்பிடும்போது இதை எடுத்தான்.

"காந்தம் இல்லாம மோட்டாரா? இன்ஜின் இல்லாம ரயில் விடப் போறேன்னு சொல்லேன்!" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதன்பிறகு அவளிடம் அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. அலுத்துப்போய் விட்டுவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தம்பி வாயை மூடினால் ஏன் மூடினான் என்று கேட்கிற பழக்கம் எந்த அக்காவுக்கு இருக்கிறது?

ஐந்தாறு வருடம் ஓடியது. அவன் பயந்தபடியே அந்த நாடு கையை மூடிக்கொண்டது. கம்பெனிக்குக் காந்த மோட்டார் வருவது நின்றது. சக்கரம் மாட்டி, சீட்டு மாட்டி, மோட்டார் மட்டும் இல்லாத ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. ஆட்களில் பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சந்தை தலைகீழாகப் புரண்டுவிட்டது. நேற்றுவரை காந்தமில்லாத மோட்டார் செய்கிறவர்களை வாசலோடு அனுப்பியவர்கள் இன்று அவர்கள் வாசலில் போய்க் காத்துக் கிடந்தார்கள். பந்தாவுக்குப் பேர்போன பர்ச்சேஸ் மேனேஜரே எங்கோ ஒரு ரிசப்ஷனில் நாள் முழுக்கத் தேவுடு காத்து, கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு சாம்பிள் வாங்கி வந்தார்.

அதை அவள் மேசையில் வைத்தார்கள். வழக்கம்போல் திருப்பினாள். தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. கை தானாகச் சிவப்பு அட்டைக்குப் போனது.

பக்கத்தில் நின்ற இன்ஜினியர் பதறிவிட்டார். "அக்கா, அக்கா! இதுல காந்தமே கிடையாது. அப்படித்தான் சுத்தும். கரண்ட் குடுத்தாத்தான் தெரியும்."

"அட ஆமா," என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தாள்.

"இதே மாதிரி முன்னாடி ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? தூக்குறதுக்கு வசதியா மேல கம்பியை வளைச்சு கைப்பிடி வச்சிருந்தாங்க. நான் அப்ப லீவு. வந்து கேட்டா திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொன்னாங்க. யாரு செஞ்சதோ, பாவம்," என்றார் இன்ஜினியர்.

ஞாபகம் இருந்தது. அந்தக் கைப்பிடியைப் பார்த்து நல்ல யோசனை என்று மெச்சியதுகூட ஞாபகம் இருந்தது. அவள் வீட்டுத் தண்ணீர் பம்பிலும் அதே கைப்பிடி, தம்பி வளைத்து வைத்தது. அன்றைக்கு அது கண்ணில் பட்டது, புத்தியில் ஏறவில்லை. இப்போது ஏறியது. புது மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தார்கள். அது காது கூசும்படி கத்திக்கொண்டே ஓடியது. கத்தினாலும் பரவாயில்லை என்று மேனேஜர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். கொட்டகையில் பழைய பம்பு ஒன்றுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். தலை அதற்குள் நரைத்திருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"காந்தமில்லாம ஒரு மோட்டார் செஞ்சியே, அது எங்கடா?"

"பிரிச்சாச்சு. கம்பியைப் பம்புக்குப் போட்டுட்டேன். இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சு. தகடு வெட்டுற அச்சையும் சேர்த்துத்தான் போட்டேன்."

"ஏன்டா?"

"உங்க கம்பெனிக்குத்தான்க்கா அனுப்பினேன். உன்கிட்ட சொன்னா, தம்பிக்காகப் பார்த்தான்னு உன் பேரு கெடும். அதான் சொல்லல." சிரித்தான். "யாரோ ஒருத்தன் 'காந்தம் செத்துவிட்டது'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டான். காந்தமே இல்லாத மோட்டாருக்கு! உன் கைக்கு வராம நேரா மெஷின்ல ஓட்டிப் பார்த்திருப்பாங்க, கேவலமா ஓடியிருக்கும், கிண்டல் பண்ணி எழுதிட்டாங்கன்னு நினைச்சேன். திரும்பத் திரும்பப் பிரிச்சுப் பார்த்தேன். கோளாறு எங்கன்னே தெரியல. எனக்குத் தெரியாத கோளாறை நான் எப்படிச் சரி பண்றது?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்ல முடியாது போலிருந்தது.

"கிண்டல் இல்லடா. நான்தான் எழுதினேன்."

கம்பி சுற்றுகிற கை நின்றது.

"நீயா?"

"கையால திருப்பிப் பார்த்தேன். இழுக்கல. எழுதிட்டேன்."

"ஓட்டிப் பார்க்கவே இல்லையா?"

"இல்ல."

அவன் கத்துவான், எழுந்து போய்விடுவான் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று வழியெல்லாம் மனதைத் தயார் பண்ணியிருந்தாள். அவன் திட்டவில்லை. கையிலிருந்த கம்பியை அவிழாமல் ஓர் ஆணியில் சுற்றி வைத்தான். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சத்தம் போட்டுச்சாடா அது?" என்று கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"இல்லக்கா. சத்தம் வராம பண்றதுக்குத்தானே ரெண்டு வருஷம் ஆச்சு."

வீட்டுக்குள்ளிருந்து தம்பி மனைவி குரல் கொடுத்தாள். "அண்ணி, கொட்டகையிலேயே உட்கார்ந்துட்டீங்களே! சாப்பாடு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க."

எழுந்தவளின் கையை அவன் பிடித்து நிறுத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா. மோட்டார் திரும்பி வந்த அன்னைக்கு நான் இடிஞ்சு போய் உட்கார்ந்துட்டேன். அவதான் தேத்தினா. இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் சொல்லிட்டிருக்கா."

"என்ன சொல்றா?"

"யாரோ அரைகுறை பார்த்திருக்கான். அண்ணி கைக்குப் போயிருந்தா தேறியிருக்கும்னு."

அவள் உள்ளே போய்க் கையைக் கழுவினாள். தம்பி மனைவி அவளுக்குத்தான் முதலில் பரிமாறினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக் கேட்டு வைத்தாள். வைத்ததையெல்லாம் அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள்.