எலுமிச்சம்பழம் இல்லாமல் கிளம்பிய லாரி

புதிதாக வந்திருக்கும், லாரி ஓட்டும் வீடியோ கேமுக்குக் கோடிக்கணக்கில் கொட்டியிருக்கிறார்கள். கண்ணாடியில் மழை வழிவது அச்சு அசல். மற்றதெல்லாம் வெறும் பகட்டு. வழியில் ஒரு டீக்கடைகூட இல்லை. ஆனால் ஏர் பிரேக் 'புஸ்' என்றதும் நாமக்கல் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

அப்பா லாரி டிரைவர். முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வண்டியை எடுப்பார். சின்ன வயதில் ஒருநாள் பழம் வாங்கப் போன நான், பக்கத்துக் கடையில் வீடியோ கேமில் கார் ஓட்ட உட்கார்ந்துவிட்டேன். ஓடி வந்தபோது லாரி நகர்ந்துவிட்டிருந்தது. அப்பா தலையை நீட்டிச் சிரித்தார்.

"ஊட்லயே வெய்யி சாமி. வந்து ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்."

மூன்றாம் நாள் மலைப்பாதையில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. அப்பாவின் உடல்தான் வந்தது. பழத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் தாமதமாக வந்தாய் என்று அம்மா இன்றுவரை கேட்டதில்லை.

கேமில் வேண்டுமென்றே லாரியைப் பள்ளத்தில் விட்டேன். இரண்டே நொடியில், ஒரு கீறல்கூட இல்லாமல், கிளம்பிய இடத்திலேயே அது வந்து நின்றது. இதைவிடப் பெரிய பொய்யை எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இன்னும் வெளையாடிட்டேதான் இருக்கறயா கண்ணு?"