தோழியின் பெயர் எழுதும் பக்கம்

மூன்று கையெழுத்துப் பயிற்சி நோட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மோகனப்ரியாவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பாரிமுனைக் கடைக்காரர் தமீம் பாய் பொறுமைசாலிதான். ஆனாலும் மனுஷர், இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

"எந்த ஸ்கூலும்மா? பேரச் சொன்னா நானே எடுத்துத் தர்றேன்."

"ஸ்கூல் இல்ல பாய். கொயந்த வூட்லயே படிக்குது."

உடனே அவர் முகத்திலும் அந்தப் பார்வை வந்துவிட்டது. குழந்தைக்கு என்ன வியாதி என்று கேட்கும் பார்வை. கல்மண்டபத்தில் அவள் குடியிருக்கும் சந்து முழுக்க அதே பார்வைதான். கீழ்வீட்டு புஷ்பவல்லி மீன் கூடையை இறக்கும்போதெல்லாம், "இன்னாம்மே, பொண்ணுக்கு இன்னும் சொஸ்தமாவலியா?" என்பாள். சந்துப் பிள்ளைகளை யாரும் இவள் வீட்டுக்கு விளையாட விடுவதில்லை.

வியாதி ஒரு மண்ணும் இல்லை. ஏழு வயது ஷாலு இடது கையால் எழுதுவாள், அவ்வளவுதான். பள்ளியில் மிஸ்ஸுக்கு அது பொறுக்கவில்லை. ஸ்கேலால் அடி வாங்கி வாங்கி, ஸ்கூல் ஆட்டோவின் ஹார்ன் கேட்டாலே குழந்தை வாந்தியெடுத்தாள். நியாயம் கேட்கப் போன மோகனப்ரியாவுக்கே பாடம் நடத்தி அனுப்பினார்கள். டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். யோசனை கேட்க ஆள் ஏது? கணவன் ரஞ்சித் விசைப்படகில் கடலுக்குப் போனால் இருபது நாள் போனில் கிடைக்க மாட்டான்.

ஜூனில் வேறு பள்ளி பார்த்திருந்தாள். அங்கே மூன்றாம் வகுப்பில் சேர, ஆங்கிலக் கூட்டெழுத்தில், அதான் கர்சிவ்வில், ஒரு பத்தி எழுதிக் காட்ட வேண்டுமாம். ஷாலுவோ ஆறு மாதமாகப் பென்சிலையே தொடவில்லை.

முதல் நோட்டில் எல்லாமே புள்ளி எழுத்து. புள்ளிமேல் இழுத்துக்கொண்டே இருந்தால் சொந்தமாக எழுதுவது எப்போது என்று அதைத் தள்ளினாள். இரண்டாவதில் ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் ஒரு மாதிரி எழுத்து, மீதி வரி காலி. மூன்றாவதில் ஒவ்வொரு வரிக்கு மேலும் மாதிரி முழுதாக ஓடியது. அதுதான் அவளுக்குப் பிடித்தது. ஆனால் இருபத்திரண்டாம் பக்கத்தில், 'என் தோழியின் பெயர்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு, பக்கத்தில் இரண்டு காலிக் கோடுகள். கீழே, 'நோட்டைத் தோழியிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லவும்.' மோகனப்ரியா பட்டென்று மூடினாள். இரண்டாவதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் ஷாலு ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். ஒரு எழுத்து எழுதுவாள், கையைத் தூக்கிப் பார்ப்பாள், அடுத்ததைக் கோணலாக எழுதுவாள், மறுபடி தூக்குவாள். மூன்றாம் நாள் மோகனப்ரியாவின் பொறுமை போய்விட்டது.

"எத்தினி வாட்டிடி சொல்றது? பாத்து எய்துன்னா, இன்னாத்துக்கு சும்மா சும்மா கைய தூக்கினு கீற?"

ஷாலு இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஸ்கேலுக்குப் பயந்து பள்ளியில் பழகியது. மோகனப்ரியாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் குழந்தை தூங்கியதும் அவள் நோட்டை எடுத்தாள். முதல் முறையாகப் பென்சிலை இடது கையில் பிடித்தாள். வரியின் தொடக்கத்தில் வைத்ததும் அவள் கையே மாதிரி எழுத்தின்மேல் ஏறி மறைத்தது. பார்க்க வேண்டுமானால் கையைத் தூக்கத்தான் வேண்டும். மூன்று நாளும் குழந்தை செய்தது அதைத்தான். பெற்றவளுக்கே இதைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று அடுப்படியில் நின்று அழுதாள். அழுததைச் சொல்லவும் ஆள் இல்லை. மறுநாள் போய் மூன்றாவது நோட்டை வாங்கி வந்தாள். தோழி பெயர் கேட்ட அந்தப் பக்கத்தை மட்டும் அடுத்த பக்கத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்தாள்.

மாதிரி மேலே இருந்ததால் கை எதையும் மறைக்கவில்லை. ஷாலு தினம் ஒரு பக்கம் எழுதினாள். நான்காவது வாரம் ஒரு சாயங்காலம், மோகனப்ரியா துணி காயவைத்துவிட்டு வந்தபோது, பின்கள் பிடுங்கித் தரையில் கிடந்தன.

"இன்னாத்துக்குமா பின் அட்ச்ச? எய்தற பக்கம்தான இது." குழந்தை நோட்டை நீட்டினாள். "மொதல்ல நீ எய்து. உன் பிரண்டு யாரு?"

மோகனப்ரியா பென்சிலை வாங்கினாள். அத்திப்பட்டில் கூடப் படித்த ரெஜினா ஞாபகத்துக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு போன் இல்லை. புஷ்பவல்லியோடு தண்ணீர் லாரி வந்ததா என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. பென்சில் கோட்டின்மேல் அப்படியே நின்றது.

"சரி, குடு, நானே எய்தறேன்." ஷாலு பென்சிலைப் பிடுங்கி இடது கையால் எழுதத் தொடங்கினாள். கீழே சந்தில் ஸ்கூல் ஆட்டோ ஹார்ன் அடித்தது. அவள் தலையைத் தூக்கவில்லை. ஆங்கிலத்தில் பதினொரு எழுத்து, கை எடுக்காமல் எழுதி முடித்தாள்: மோகனப்ரியா.

"இப்போ நீ திருத்தணும். கரீட்டா கீதா?"

ஒரு தப்பும் இல்லை. ஒரு பத்தி என்ன, ஒரு பக்கமே எழுதிக் காட்டுவாள். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு அந்தக் கோட்டில் எழுத வேறொரு பெயர் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே மோகனப்ரியா டிக் அடித்தாள்.

"இன்னொரு கோடு கீதுமா. அது உன்து."

இந்த முறை யோசிக்கவில்லை. ஷாலு என்று எழுதினாள். அது பொய்யில்லை, அதுதான் வலித்தது.