வீடு கேட்டு வந்தவர்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். திருவிழாவுக்கு இல்லை, உறவைப் பார்க்கவும் இல்லை... அப்பா கட்டிய வீட்டை விற்க.

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். எங்களுடையதையும் சேர்த்துப் பதினான்கில் பூட்டு. பட்டாசு ஆலை வெடித்த வருடம் பாதிப் பேர் திருப்பூர் போய்விட்டார்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் படித்துவிட்டு, என்னைப் போல, சென்னை. மதியம் வரும் பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்களாம். ஏற ஆள் வேண்டாமா?

இந்த ஊரில் யார் வீடு வாங்குவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு.

"வாங்கக்கா, சாப்பிட்டீகளா?" - என் வீட்டு வாசலில் வைத்து என்னையே வரவேற்றார்!

"குடியிருக்கவா?"

"இல்லக்கா, அட்டைப்பெட்டி வைக்க. ஜன்னலை மட்டும் அடைச்சிருவேன்."

சரி என்றேன்.

அவர் போனதும் பக்கத்து வீட்டு ஜெயராணி வந்தாள். என்னோடு படித்தவள். தீக்காய வார்டில் நர்ஸ்.

"அவருக்குக் குடுத்துராதடி. மேலத்தெருவுலயும் அட்டைப்பெட்டின்னுதான் சொன்னாக. உள்ள வச்சு வெடிக்கு மருந்து அடைச்சிருக்காக. வெடிச்சுருச்சு. ரெண்டு பொம்பளைகளுக்கு நாந்தான் கட்டுப் போட்டேன். ஒருத்தி பொழைக்கல."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரைக் காட்டிச் சொன்னாள்: "உன் சுவத்துக்கு அங்கிட்டு எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்காக. ஓடுன்னு சொன்னா எப்பிடி ஓடுவாக?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அட்டைப்பெட்டிக்கு ஜன்னலை ஏன் அடைக்க வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கும் வந்தது. கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று கேட்காமல் இருந்தேன். அதுதான் உண்மை.

உடனே அவருக்குப் போன் போட்டேன். வீடு இல்லை என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"பரவால்லக்கா. பூட்டுன வீட்டுக்கா இங்கன பஞ்சம்?"

ஆள் போனால் ஊர் சும்மா கிடக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை... காலி இடத்தைத் தேடி யாரோ வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் ஜெயராணியும் நானும் உட்கார்ந்து, பூட்டிய மற்ற பதின்மூன்று வீட்டுக்காரர்களுக்கும் போன் செய்தோம். 'நல்லவேளை சொன்னீக' என்றவர்கள் உண்டு. 'என் வீட்டை வித்தா உங்களுக்கென்ன?' என்றவரும் உண்டு. இரண்டு பேர் எடுக்கவே இல்லை. இன்று காலை வரைக்கும் எடுக்கவில்லை.

அவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களா, தெரியாது. படித்தால்... போனை எடுங்கள், ப்ளீஸ்.