ஸ்டெல்லா பார்க்காத சிங்கவால் குரங்கு

போன வாரம் சைனிக்புரியில் மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் மகள் அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போயாரு" என்றாள். அம்மா இறந்துவிட்டாள் என்கிறாள்; தமிழ் புரிந்தாலும் அவளுக்குத் தெலுங்குதான் வாயில் வரும். என்ன வாங்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. லோத்குண்டாவில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சர்ச்சிலிருந்து வந்தவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

காஞ்சன்பாக் தொழிற்சாலையில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? தரப் பரிசோதனைப் பிரிவில் அவளுக்குப் பக்கத்து மேசை எனக்கு. ஒருமுறை, அன்றே அனுப்ப வேண்டிய உதிரிபாகங்களை வேறொருவர் அளந்து எழுதி வைத்திருந்தார். இவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதிகாரி வந்து பக்கத்திலேயே நின்றார். "நான் பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போடவா? நக்கோ சார், முடியாது" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க உட்கார்ந்துவிட்டாள். லாரி மறுநாள்தான் போனது. எங்களுக்கெல்லாம் அவள்மேல் ஒரே எரிச்சல்.

ஓய்வு பெற்றபின் அவளுக்கு ஒரே ஆசை, சிங்கவால் குரங்கைக் காட்டில் பார்க்க வேண்டும் என்பது. கூண்டில் பார்த்ததெல்லாம் செல்லாதாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் கர்நாடகத்தில் ஒரு மழைக்காட்டுத் தேசியப் பூங்காவுக்குப் போனோம். மூன்று நாளும் மழை. எல்லோரும் அருவியைப் படம் எடுக்க, இவள் மட்டும் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரங்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். "அருவி எங்கயும் ஓடிப் போவாது ஏட்டி" என்றாள். அவள் குடும்பத்தின் திருநெல்வேலித் தமிழ் அப்படியே இருந்தது. இருவாச்சிப் பறவை பார்த்தோம், மலை அணில் பார்த்தோம். குரங்கு மட்டும் வரவில்லை.

கடைசி நாள் காலை, அட்டை கடித்த என் காலில் ரத்தம் நிற்கவில்லை. உடம்பெல்லாம் நடுக்கம். வழிகாட்டி முன்னால் நடந்துவிட்டார். இவளோ இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம் என்கிறாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. தூரத்தில் ஒரு கிளை ஆடியது. "அதோ ஸ்டெல்லா, குரங்கு! ஐயோ, போயிடுச்சே" என்றேன். நான் பார்த்தது கிளையை மட்டும்தான்.

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்காவது கெடைச்சுதே" என்றாள். கண் கலங்கியிருந்தது. அடுத்தவர் அளந்து எழுதியதையே நம்பாதவள், நான் சொன்னதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பினாள். ஊர் திரும்பியதும் பார்ப்பவர்களிடமெல்லாம் "ராஜி பாத்தா" என்று பெருமையாகச் சொன்னாள். உங்களில் பலரிடமும் சொல்லியிருப்பாள்.

போன மாதம் அவளைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனபோது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் முந்திக்கொண்டாள். "அந்தக் கொரங்கு எப்படி இருந்துச்சுன்னு இன்னொரு வாட்டி சொல்லேன்." நான் சொன்னேன். கறுப்பு முகம், சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால், வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. குட்டியை அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்த்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். குட்டி என்றதும் சிரித்தாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்தக் காட்டில் நான் எந்தக் குரங்கையும் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தச் சிரிப்புதான். அதை மட்டும் நான் என் கண்ணால் பார்த்தேன்.