என் பெயரில் ஓர் உபயம்

கோயம்புத்தூரில் தங்கைக்கு அறுவைச் சிகிச்சை. பன்னிரண்டு நாள் கழித்து மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பியபோது, வாசலில் என் பீங்கான் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அடிப்பக்கத்தில் மஞ்சள் குங்குமம். அதில் வளர்ந்துகொண்டிருந்த அரச மரத்தைக் காணவில்லை.

பையை இறக்கி வைக்காமலே மொட்டை மாடிக்கு ஏறினேன். மற்ற பதின்மூன்று போன்சாய்களும் அதனதன் இடத்தில் இருந்தன. மண் ஈரமாக இருந்தது. புளியின் காய்ந்த இலைகளைக்கூட யாரோ பொறுக்கியிருந்தார்கள். தண்ணீர் ஒரு நாளும் தவறவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். நாளிதழின் செய்தி மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் நான். கோபத்தில் இருக்கும்போதும் விவரம் பிசகக் கூடாது.

அந்த மரத்துக்கு வயது பத்தொன்பது. எங்கள் குடியிருப்பின் பின்சுவரில், மழைநீர்க் குழாய் இறங்கும் இடத்தில், விரிசலுக்குள் இரண்டு இலையோடு முளைத்திருந்தது. பிடுங்கியபோது வேர் நூல் கனம்தான் இருந்தது. ஆனால் அது சுவரின் காரையைச் சில்லு சில்லாகப் பெயர்த்திருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, வெயில் ஏறுவதற்கு முன், தட்டிலிருந்து எடுத்து வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவேன். சலித்த செங்கல் பொடியில் மறுபடி நடுவேன். சித்திரையில் காம்பை விட்டுவிட்டு இலைகளை மட்டும் நறுக்குவேன். அடுத்து வருகிற இலை கொஞ்சம் சிறுத்து வரும். உள்ளங்கை அகல இலை கட்டைவிரல் அளவுக்கு வந்து சேரப் பதினோரு வருடம் ஆயிற்று. உயரம் ஒரு முழம். அடிமரம் என் மணிக்கட்டுக் கனம். கடைசியாக மூன்று கிளைகளில் அலுமினியக் கம்பி சுற்றியிருந்தேன், கீழ்நோக்கி வளைவதற்காக.

வேலையில் நான் எழுதியது எதுவும் மறுநாள் காலையைத் தாண்டி நின்றதில்லை. இது நின்றது.

மாடிச் சாவியை மூன்றாவது மாடி மாமியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே அவர் வீடு. மரம் எங்கே என்று காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் குழி தோண்டியவர் அவர்தான். "உனுக்குத் தெரியாதா மேடம்? நீ சொன்னேன்னுதான் மாமி சொல்லிச்சு. கல்யாணமே பண்ணிட்டாங்கோ."

அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம். ஐயர் வந்து மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார். எல்லா வீட்டுக்கும் சர்க்கரைப் பொங்கல் போயிருக்கிறது.

மறுநாள் காலை மண்வாரியும், வேரை நனைத்து வைக்க ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நட்டு ஒன்பது நாள்தான். புதுவேர் விட்டிருந்தாலும் மெல்லியதாகத்தான் இருக்கும், தோண்டி எடுத்தால் பிழைத்துவிடும் என்று கணக்கு. கோயில் முனையில் பூக்காரம்மா வாளியைப் பார்த்துவிட்டு, தண்ணி ஊற்ற வந்தேன் என்று நினைத்துக்கொண்டார். "செருப்ப அப்பால விட்டுட்டு வாம்மா. சாமி மரம் கீதுல்ல."

கழற்றினேன். பத்தொன்பது வருடம் நான் வெட்டிய மரத்தின் முன்னால் வெறுங்காலோடு நின்றேன். மஞ்சள் துணி சுற்றியிருந்தது. அடிமரத்தில் குங்குமம் அப்பியிருந்தது. கோயில் சுவரில் புதிதாக ஒரு வெள்ளை ஓடு பதித்திருந்தார்கள். அதில் பச்சை எழுத்தில் 'உபயம்'. அடுத்த வரியில் என் பெயர், இனிஷியலோடு, வீட்டு எண்ணோடு. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

எத்தனையோ தவறான செய்திகளுக்குத் திருத்தம் போட்டிருக்கிறேன். சுவரில் பதித்துவிட்ட செய்திக்குத் திருத்தம் எந்தப் பக்கத்தில் போடுவது? ஒரு தம்பதி சுற்றி வந்தார்கள். பூக்காரம்மா என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அந்தப் பெண் எனக்குக் கைகூப்பினாள். வாளித் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டுத் திரும்பினேன். இனி அதைத் தோண்டினால், தானம் கொடுத்ததையே திருடியவள் ஆவேன்.

மாமி கதவைத் திறந்ததும் முதலில் பொங்கலைப் பற்றித்தான் பேசினார். என் பங்கைக் குளிர்ப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறாராம். நான் உட்காரவில்லை. பாவம், வாயில்லா ஜீவன், கம்பியில் கிடந்து தவித்தது, பார்க்கப் பொறுக்கவில்லை என்றார். மற்ற பதின்மூன்றிலும்தான் கம்பி இருக்கிறது, அவை தவிக்கவில்லையா என்று கேட்டேன். அப்புறம் உண்மை வந்தது. நாலு வருடமாக மகளுக்கு எந்த ஜாதகமும் அமையவில்லை. வாஸ்து பார்க்க வந்தவர், தலைக்கு மேலே அரசைக் குட்டையாக்கி வைத்திருக்கும்வரை கீழே எதுவும் தழைக்காது என்று சொல்லிவிட்டாராம்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே மாமி."

"கேட்டா குடுத்திருப்பியோ?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலை." அதோடு, "புண்ணியம் உன் பேர்லதானேம்மா போட்டிருக்கேன். என் பேரை எங்கேயாவது பாத்தியோ?" என்றார்.

திருடியதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தட்டைக் கழுவித் திருப்பித் தந்தது, என் பங்குப் பொங்கலை எடுத்து வைத்தது, எல்லாமே ஒழுங்காகச் செய்து முடித்த வேலையின் முகத்தோடு இருந்தது. சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பொங்கலை வாங்கவில்லை.

மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் கம்பி நினைவுக்கு வந்தது. தரையில் இறங்கிய அரசு வேகமாகப் பருக்கும். கம்பி பட்டைக்குள் புதைந்தால் கிளை செத்துவிடும். கம்பி வெட்டும் குறடு எடுத்துக்கொண்டு போனேன். செருப்பை நானாகவே கழற்றினேன். கம்பியைப் பிரிக்கக் கூடாது, பட்டை உரியும்; சுற்றுச் சுற்றாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு கிளையில் ஏற்கெனவே தழும்பு விழுந்திருந்தது. நுனியில் விட்டிருந்த புது இலை, பழசைப்போல இரண்டு மடங்கு.

கோயிலுக்கு வந்த மாமி பக்கத்தில் நின்று பார்த்தார். "இப்பதான் நன்னா மூச்சு விடறது," என்றார். வெட்டிய துண்டுகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்தேன்.

எழும்போது கண் தானாக அளந்தது. அடிமரத்துக்கும் கோயில் சுவருக்கும் இடையே ஒரு சாண், நாலு விரல். என் பெயர் பதித்த ஓடு அதற்கு நேர் மேலே. நூல் கனத்தில் இருந்தபோதே அது என்ன செய்தது என்று பார்த்தவள் நான். பத்து வருடத்தில் சுவர் பிளக்கும். அப்போது வெட்டச் சொல்லிக் கிளம்புகிறவர்களும் இதே தெருக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

"வேற ஏதாவது பண்ணணுமா இதுக்கு? உனக்குத்தானே தெரியும்," என்று மாமி கேட்டார்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.